பயிற்சி மட்டும் வேலை இல்லையா?

விமான நிலையத்தில் எனக்கு எதிரே ஒரு அமெரிக்கக் கல்லூரியின் கூடைப்பந்து அணி. பெண்கள் எல்லாரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருத்தியின் முழங்காலில் ஐஸ் பை, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி இறுக்கியிருந்தது. மடியில் லேப்டாப். விமானம் ஏறுவதற்குள் அசைன்மென்டை அனுப்பிவிடும் அவசரம் விரல்களில் தெரிந்தது.

எப்போது எழ வேண்டும், எங்கே போக வேண்டும், எல்லாம் கோச் சொல்வதுதான். இது வேலை இல்லாமல் வேறென்ன?

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 2. அவர்களில் சிலர் கல்லூரி உணவகத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்தவர்கள். அங்கே நின்றால் தொழிலாளி, சங்கமும் உண்டு. மைதானத்தில் இறங்கினால் வெறும் மாணவன்!

அவர்கள் ஊழியர்கள்தான் என்று அமெரிக்க அரசின் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநரே சொன்னார். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. அந்த டிசம்பர் 31 அன்று சங்கம், அங்கீகாரம் கேட்டு வாரியத்திடம் கொடுத்திருந்த மனுவைத் திரும்பப் பெற்றது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, பயிற்சி நேரம் எவ்வளவு என்பதையெல்லாம் இன்னும் வீரர்களின் சங்கத்தோடு பேசாமலே முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?