ஒத்தச் சக்கர போர்டு: ஆடிக்காத்துல விழுந்ததும் பேட்டரி மாத்துனதும்

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பொழுதோட, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவால இருக்கற எங்க மாமாவோட கொப்பரைக் களத்துல, நானே செஞ்ச ஒத்தச் சக்கர போர்டுல இருந்து மூக்கு குத்தி விழுந்தேனுங்க. இடது மணிக்கட்டுல விரிசல், நாலு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரிச்சதுல இருந்து இந்த ஆடி வரைக்கும் அந்த போர்டுல என்னென்ன மாத்துனேன், எதுக்கு மாத்துனேன், மாத்துன பின்னால எப்படி ஓடுதுங்கறதத்தான் எழுதறேன், ஏன்னா இதே மாதிரி வீட்ல செய்யற பசங்க இப்ப நெறைய பேரு இருக்காங்க, வேகத்தப் பத்தியே பேசறாங்க, நான் விழுந்த காரணத்தப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்ல.

போர்டு என்னன்னு தெரியாதவங்களுக்கு: நடுவுல ஒரே சக்கரம், 11 இன்ச் டயரு, மோட்டார் சக்கரத்துக்குள்ளயே இருக்குது. முன்னால ஒரு காலு பின்னால ஒரு காலு, முன்ன சாஞ்சா போகும், பின்ன சாஞ்சா நிக்கும். சாய்வ கைரோ சென்சார் பாத்துட்டே இருக்கும், நம்ம எவ்வளவு சாயறமோ அதுக்குத் தக்கன மோட்டார் தள்ளி போர்ட மட்டமா நிறுத்தும். இங்க தான் விசயமே. ஸ்கூட்டர்ல மோட்டார் சக்தி தீந்துபோச்சுன்னா வேகம் நிக்கும், அவ்வளவு தான். இதுல நம்மள நிக்க வெச்சிருக்கறதே அந்த மோட்டார் தான். சக்தி தீந்த அந்த நொடி, தாங்கறதுக்கு ஆளில்ல, முன்பக்கம் தரையில போயி குத்தும், நம்ம மேல பறந்துட்டு இருப்போம்.

அன்னிக்கி போன்ல லாக் ஓடிட்டு இருந்தது நல்லதாப் போச்சு. கன்ட்ரோலர் வெஸ்க், பெஞ்சமின் வெட்டர்ங்கற சுவீடன்காரரு ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டது, அதுல வோல்டேஜ், ஆம்ப், டூட்டி எல்லாமே பதிவாகும். டூட்டின்னா பேட்டரில இருக்கற வோல்டேஜ்ல எத்தன சதவீதத்த மோட்டாருக்கு குடுத்துட்டு இருக்குதுங்கற கணக்கு. நூறு ஆயிருச்சுன்னா அதுக்கு மேல குடுக்க ஒண்ணுமில்ல. விழும்போது வேகம் 22 கிலோமீட்டர். பேட்டரி நிக்கும்போது 39 வோல்ட் காட்டுச்சு, செல்லுக்கு 3.9, முக்கால்வாசி சார்ஜ் இருக்குதுன்னு தைரியமாத்தான் ஏறுனேன். ஓடும்போது 20 ஆம்ப் இழுத்ததும் 34க்கு எறங்கிருச்சு. இந்த மோட்டாருக்கு மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு சுமாரா 1.4 வோல்ட் எதிர் வோல்டேஜ் வருது, சுத்தற மோட்டார் டைனமோ மாதிரி தானே ஒரு வோல்டேஜ உண்டாக்கி எதுத்து நிக்கும், பேக் இஎம்எஃப்னு சொல்றது அதத்தான். 22 கிலோமீட்டர்ல அது 30.8. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ்ல 3 வோல்ட் போச்சு. கூட்டுனா 33.8. கையில இருந்தது 34. மிச்சம் 0.2 வோல்ட், அதுல நின்னுட்டு நான் இன்னும் கொஞ்சம் முன்ன சாஞ்சேன்.

அப்ப காத்தத் தனியாச் சொல்லோணுங்க. ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து எங்க பக்கம் எப்படி அடிக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும், பல்லடம் தாராபுரம் உடுமலைப் பக்கம் காத்தாடி அத்தன நட்டு வெச்சிருக்கறது சும்மாவா. நான் களத்துல மேக்க பாத்து ஓட்டிட்டு இருந்தேன், எதுகாத்து. கைல புடிக்கற காத்து மீட்டர்ல அன்னிக்கி மணிக்கு சுமாரா 25 கிலோமீட்டர் காட்டுச்சு. 22ல ஓடற ஆளு மேல 25 எதுகாத்து மோதுனா, ஒடம்புக்கு அது 47. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அப்ப காத்தில்லாத நேரத்த விட நாலரை மடங்கு தள்ளு. கிழக்க பாத்து அதே 22ல ஓட்டுன லாக்க எடுத்துப் பாத்தா டூட்டி சாவகாசமா எண்பத்திச் சொச்சத்துல கெடக்குது. ரோடு ஒண்ணு, வேகம் ஒண்ணு, போர்டு ஒண்ணு, தெசை மட்டும் வேற.

எச்சரிக்கை இல்லாம இல்ல. டூட்டி 80 தாண்டுனா முன்பக்கத்த மேல தூக்கி நம்மள பின்ன தள்ளற புஷ்பேக்னு ஒரு வசதி கன்ட்ரோலர்ல இருக்குது. அது அடிக்கடி வந்து தொந்தரவு பண்ணுதுன்னு நான் தான் அத 92க்கு மாத்தி வெச்சிருந்தேன். லாக்ல 92ல இருந்து 100 போறதுக்கு அரை நொடி கூட ஆகல. அரை நொடில யாரு என்ன பண்ண முடியும்.

கட்டோட வீட்ல உக்காந்திருந்தப்ப படிச்சதுல ஒண்ணு: அமெரிக்காவுல ஒன்வீல்ங்கற கம்பெனி ஒத்தச் சக்கர போர்டு சுமார் 3 லட்சத்த 2023 செப்டம்பர்ல ரீகால் பண்ணுனாங்க, 2019ல இருந்து 2021க்குள்ள குறைஞ்சது 4 பேரு இறந்துருக்காங்க. எல்லை தாண்டறப்ப கேக்கற மாதிரி, கால்ல தெரியற மாதிரி அதிர்வு குடுக்கற எச்சரிக்கைய அப்பறம் சாஃப்ட்வேர்ல சேத்தாங்க. கம்பெனி செஞ்ச போர்டுக்கே இதுதான் நெலம, அப்ப செட்டிங் மாத்தி ஓட்டற நமக்கு?

மாமா பாக்க வந்தாரு. அவரு களத்துக் கிணத்துல மோட்டார் ஓட்டுன ஆளு, லாக்க காட்டி விளக்குனதும் சட்டுனு புடிச்சுட்டாரு.

"ஏ மாப்ள, பொழுதோட வோல்டேஜ் டல்லாகறப்ப மோட்டார் இழுக்காம மொனகுமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரி தானுங்க மாமா. கிணத்துல தண்ணி வராது, இதுல ஆளு விழுவான்."

"அப்ப வோல்டேஜ ஏத்துடா, அதுக்கு எதுக்கு வேகத்தப் பேசிட்டு இருக்கற."

அதுக்கு முன்னால கோயமுத்தூர் கணபதில மோட்டார் வைண்டிங் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்டயும் கேட்டேன், ஏன்னா நெறைய பேரு சுத்தக் கொறைச்சு ரீவைண்டிங் பண்ணலாம்னு யோசன சொன்னாங்க. சுத்து கொறைச்சா வேகம் கூடும் தம்பி, அதே ஆம்புக்கு இழுவை கொறையும், ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்கறது தான்னு நேராச் சொல்லிட்டாரு. சாஃப்ட்வேர்ல ஃபீல்ட் வீக்கனிங், அதாவது மோட்டாரோட காந்தப் புலத்தக் கொறைக்கறது, போட்டு வேகம் ஏத்தறதும் இதே கதை, மேல போகப் போக இழுவை மெலிஞ்சுட்டே வரும், மெலிஞ்ச எடத்துல நின்னு பேலன்ஸ் பண்றது எனக்கு ஒத்து வராது. அதனால மோட்டார தொடல. பேட்டரி தான்.

பழைய பேக்க அறுத்துப் பாத்தேன். ஆன்லைன்ல ரெடிமேடா வாங்குனது, 10எஸ் 2பி, அதாவது ரெண்டு ரெண்டு செல்லா பக்கத்துல பக்கத்துல சேத்த 10 வரிசைய தொடரா கோத்தது, மேல 30 ஆம்ப்னு ஸ்டிக்கர். நீல ஷ்ரிங்க் உறைய பிரிச்சதும் லேசா இனிப்பா ஒரு வாசம், சாயப் பட்டறைல தின்னர் டப்பா தொறந்த மாதிரி, ஒரு செல் கசிஞ்சிருக்குது. பட்டை நிக்கல்னு சொன்னது, வெட்டி உப்புத் தண்ணில ஒரு ராத்திரி போட்டு வெச்சேன், காலைல தண்ணி செந்நிறம், துரு. நிக்கல் துருப் புடிக்காது, அது மேல் பூச்சு பூசுன இரும்பு. இரும்புப் பட்டைக்கு ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, சூடாகும், வோல்டேஜையும் தின்னும். ஒவ்வொரு வரிசையா மீட்டர் வெச்சதுல ஒரு வரிசை மட்டும் மத்ததோட சேராம 0.2 வோல்ட் கீழ கெடந்துச்சு. 39ல இருந்து 34க்கு எறங்குன 5 வோல்ட் எங்க போச்சுன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. 2016 ஜூலைல அமெரிக்காவுல ரெண்டு சக்கர ஹோவர்போர்டு 5 லட்சத்துக்கு மேல ரீகால் ஆனதுக்குக் காரணம் பேட்டரி பேக் சூடாகி தீப்புடிச்சது, அந்த வருசம் தான் யூஎல் 2272ங்கற பாதுகாப்புத் தரமும் வந்துச்சு. இந்தப் பேக்க நான் ஆறு மாசம் கட்டுலுக்கு அடில வெச்சு சார்ஜ் போட்டுருக்கறேன், நெனச்சா இன்னும் மனசு ஒரு மாதிரி ஆகுது.

புதுசு 15எஸ் 2பி. மோலிசெல் பி42ஏ, 21700 அளவு, 4200 எம்ஏஎச், செல்லு 45 ஆம்ப் வரைக்கும் தாங்கும், நான் பேட்டரிக்கு வெச்ச எல்லை மொத்தமே 30 தான். சுத்த நிக்கல் பட்டை, உப்புத் தண்ணி சோதனை பண்ணுனதுக்கப்பறம் தான் ஸ்பாட் வெல்டிங். செல்லோட பாசிட்டிவ் முனைல அட்டை வளையம் ஒண்ணு விடாம ஒட்டுனேன், அந்த முனைய சுத்தி இருக்கற விளிம்பே நெகட்டிவ் தான், ஷ்ரிங்க் தேஞ்சா பட்டை அங்க உரசி ஷார்ட் ஆகும். 30 செல்லுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம போச்சு. ஃபுல் சார்ஜ் 63 வோல்ட் வரும், ஆனா நான் 61.5லயே நிறுத்தறேன், அதாவது செல்லுக்கு 4.1. காரணம் ரெண்டு. செல்லுக்கு ஆயுசு கூடும். இன்னொண்ணு, பிரேக் புடிக்கறப்ப மோட்டார் டைனமோவாகி பேட்டரிக்கே கரண்ட் திருப்பி அனுப்பும், ஃபுல்லா இருக்கற பேட்டரில அதுக்கு எடமில்ல, வோல்டேஜ் ஏறி கன்ட்ரோலர் எல்லையத் தொட்டா அங்கயும் பேலன்ஸ் போகும்.

பிஎம்எஸ், அதாவது பேட்டரி செல்லுகள காவல் காக்கற சர்க்யூட், அதப் பத்தி சண்டையே நடக்குது, நான் என் முடிவச் சொல்றேன். ஸ்கூட்டருக்கு வர்ற சாதாரண பிஎம்எஸ், ஆம்ப் தாண்டுனாலோ ஒரு செல் எறங்குனாலோ கரண்ட பட்டுனு துண்டிச்சுரும், ஸ்கூட்டருக்கு அது சரி, இதுல அது துண்டிச்ச நிமிசம் நம்ம தரைல. அதனால சார்ஜ் மட்டும் பிஎம்எஸ் வழியா, ஓட்டற லைன் நேரா கன்ட்ரோலருக்கு, நடுவுல 60 ஆம்ப் ஃபியூஸ். ஃபியூஸ் ஷார்ட்டுக்கு மட்டும் தான், ஓட்டத்துல போகாத அளவுக்கு பெருசா வெச்சது. இப்படி வெச்சா பேட்டரி அடிமட்டத்துக்குப் போறத தடுக்க ஆளில்ல, அந்த வேலைய கன்ட்ரோலர்கிட்ட குடுத்திருக்கறேன், 48 வோல்ட்ல முன்பக்கம் மேல தூக்க ஆரம்பிக்கும், தூக்குனா எறங்கி நடக்கறது. அப்பறம் ஓட்டி முடிச்சு வந்ததும் 15 வரிசையும் மீட்டர் வெச்சுப் பாத்து நோட்டுல எழுதறேன். இத எழுத சோம்பல் படற ஆளு இந்த முறைல கட்ட வேண்டாம்ங்க, தயவு செஞ்சு. சார்ஜ் போடறது இப்ப களத்து மோட்டார் ரூம்ல, சிமெண்ட் தரைல, நான் பக்கத்துல இருக்கறப்ப மட்டும்.

காலு வெக்கற எடத்து சென்சார். காலு இருந்தா மட்டும் மோட்டார் ஓடும். வேர்வை பட்டாலோ காலு கொஞ்சம் நகந்தாலோ நின்னுருதுன்னு சொல்லி சில பேரு அந்த ஒயர ஷார்ட் பண்ணிடறாங்க. என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க களத்துல ஆளில்லாதப்ப, மாமா பையன திண்ணை மேல ஏத்தி நிக்க வெச்சுட்டு, ஷார்ட் பண்ணி போர்ட தரைல வெச்சு லேசா முன்ன சாச்சு விட்டேன். கெளம்புனது நேரா தேங்காத் தொட்டிக் குவியலுக்குள்ள போயி முட்டிகிட்டு, நிக்காம சுத்தி, தொட்டிச் சில்லெல்லாம் திண்ணை வரைக்கும் தெறிக்குது. கிட்டப் போயி ஸ்விட்ச் அமுத்தவும் முடியல, போன்ல இருந்து தான் நிறுத்துனேன். அந்த எடத்துல கொப்பரை கிளறற அம்மாளுக யாராவது உக்காந்திருந்தா? ஒயர அன்னிக்கே திரும்ப சேத்துட்டேன். வேர்வைக்கு ரப்பர் மேட்டுக்கு அடில சென்சார நல்லா சீல் பண்ணுனேன், பிரச்சனை நின்னு போச்சு.

இனி ஓட்டம். இந்த ஆடி ரெண்டாவது ஞாயிறு, அதே களம், மேக்க பாத்து, காத்து மீட்டர் 24ல இருந்து 26. ஹெல்மெட், மணிக்கட்டு கார்டு, முழங்கால் கார்டு. போன வருசம் விழுந்த எடத்துல சுண்ணாம்புல கோடு போட்டிருந்தேன். 22 கிலோமீட்டர்ல அந்தக் கோட்டத் தாண்டுறப்ப பேட்டரி 54ல இருந்து 52க்கு எறங்குச்சு, அவ்வளவு தான். டூட்டி 65. மோட்டார் அதே மோட்டார், அதே 33.8 வோல்ட் தான் கேட்டுச்சு, இந்தத் தடவ 18 வோல்ட் மிச்சம் கையில இருந்துச்சு. நடுவுல ஒரு தொட்டிச் சில்லு மேல ஏறுச்சு, போர்டு ஒரு குலுக்கு குலுக்கி டூட்டி 71 போயி எறங்குச்சு, போன வருசம் அதே சில்லு வந்திருந்தா காத்து கூட வேண்டியதில்ல.

புஷ்பேக் 75ல வெச்சிருக்கறேன். எதுகாத்துல 26 கிட்டப் போறப்ப முன்பக்கம் எந்திரிச்சுருது. காத்தில்லாம காலி சக்கரத்துக்குக் கணக்குப் போட்டா 54 வோல்ட்டுக்கு 38 கிலோமீட்டர் வரும், ஒருத்தன் ஏன் 38 ஓட்ட மாட்டேங்கறன்னு கேட்டான். அந்த 38க்கும் 26க்கும் நடுவால இருக்கறதுல தாங்க நான் நின்னுட்டு இருக்கறேன்.

தூரம் நல்லாவே கூடிருக்குது, பழைய பேக்ல ஏழு எட்டு கிலோமீட்டர் தான், இப்ப களத்துலயும் தோப்பு வண்டித்தடத்துலயும் சேத்து 22 ஓட்டியும் 50 வோல்ட்டுக்கு மேல நின்னுச்சு. ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகல.

பாக்கி ஒரு வேலை கெடக்குது. சித்திரை வெய்யல்ல மதியம் ஓட்டிப் பாக்கோணும். செம்புக் கம்பி 50 டிகிரி சூடு ஏறுனா ரெசிஸ்டன்ஸ் அஞ்சுல ஒரு பங்கு கூடும், அப்ப அந்த 3 வோல்ட் 3.6 ஆகும், களத்துச் சிமெண்டோட சூடும் சேந்தா மோட்டாருக்குள்ள எவ்வளவு ஏறுதுன்னு தெரியோணும். வைண்டிங்ல ஒட்டற சூடு சென்சார் வாங்கி வெச்சுட்டேன், மோட்டார் கவர கழட்டி உள்ள விடறதுக்கு கணபதி அண்ணன் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு.