மோடம் கூவியது, பக்கம்தான் திறக்கவில்லை

தொலைபேசி இணைப்பு வழியே இணையத்தில் சேர்க்கும் யுஎஸ்பி மோடத்துடன் வந்த குறுந்தகட்டில் விண்டோஸுக்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) மட்டுமே இருந்தது. லினக்ஸில் இது ஓடாது என்று பாதி முடிவு கட்டிக்கொண்டுதான் மோடத்தைச் செருகினேன். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைத் திறந்தால் கடைசி வரியில் 'டிடிஒய்ஏசிஎம்0' என்று மோடத்துக்கு ஒரு சாதனப் பெயர் இருந்தது. அப்பாடா! கட்டுப்பாட்டுச் சில்லு மோடத்துக்குள்ளேயே இருக்கிறது, கெர்னலில் உள்ள டிரைவரே போதும் என்று பொருள். வேலையைக் கணினியின் தலையில் கட்டும் 'வின்மோடம்' வகை வாய்த்திருந்தால் அலைச்சல்தான்.

மோடம் வழியே டயல் செய்யும் டபிள்யூவிடயல் நிரலை நிறுவினேன். மோடத்தை அதுவே தேடிப்பிடித்து அமைப்புக் கோப்பை எழுதிக் கொடுத்தது. தொலைபேசி எண், பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் நிரப்பியும், எண்ணே தரவில்லை என்று அடம்பிடித்தது. அந்த வரிகளின் தொடக்கத்தில் கொசு அளவுக்கு ஓர் அரைப்புள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்காதவரை அவை வெறும் குறிப்புகள்தான். எனக்கு அது கண்ணில் பட அரை மணி நேரம் ஆனது.

அடுத்து 'நோ டயல்டோன்' என்ற பிழைச்செய்தி; எண்ணைச் சுழற்றுமுன் தொலைபேசியில் கேட்க வேண்டிய ஒலி இல்லையாம். ரிசீவரைக் காதில் வைத்தால் டயல்டோன் விட்டுவிட்டு ஒலித்தது; குரலஞ்சலில் யாரோ செய்தி விட்டிருந்தார்கள். தொடர்ச்சியான ஒலியை எதிர்பார்த்த மோடம் இதை டயல்டோனாகவே மதிக்கவில்லை. தொடக்கக் கட்டளையில் 'எக்ஸ்3' சேர்த்ததும், டயல்டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றியது. பிறகு அந்தக் கீச்சொலி, இரைச்சல், அமைதி. நொடிக்கு 44,000 பிட் வேகத்தில் இணைந்தது. ஐபி முகவரியும் கிடைத்தது.

ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றினேன், 'ஸ்டூப்பிட் மோடு' என்ற அமைப்பையும் இயக்கினேன் (பெயர் என்னைக் குறிப்பதாகவே பட்டது). கடைசியில்தான் பதிவுகளை ஒழுங்காகப் படித்தேன்: ஏற்கெனவே உள்ள இயல்பு வழித்தடத்தை (போக்குவரத்து வழக்கமாக வெளியேறும் பாதையை) மாற்றவில்லை என்று, டயல் இணைப்பை நடத்தும் பிபிபி நிரல் முதலிலேயே சொல்லியிருந்தது. இணையமே இல்லாத உள்ளக வலையமைப்பின் கேபிள் கணினியில் செருகியபடியே இருந்தது. போக்குவரத்தெல்லாம் அந்த முட்டுச்சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கி மறுபடி டயல் செய்தேன். பக்கம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது.

இந்த வேகத்தில் ஒரு மெகாபைட்டுக்கு மூன்று நிமிடமாவது ஆகும். தானியங்கிப் புதுப்பித்தலை உடனே நிறுத்திவைத்தேன்.