சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது

முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலுக்கு அடியில் ஒரு சிறு சக்கரமும் கொண்ட வால் சக்கர விமானம் ஒன்று தரையிறங்கி ஓடும்போது திடீரென ஒரு பக்கம் இழுத்தால், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது விமானியின் கால்களைத்தான். விமானத்தின் திசையைத் திருப்பும் ரடர் பெடலைத் தாமதமாக மிதித்தார், அதிகமாக மிதித்தார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். நான் விஸ்கான்சினில் ஒரு சிறிய விமானத் திடலில் மெக்கானிக். வீட்டில் கட்டிய விமானங்கள் எங்கள் ஹேங்கருக்கு நிறைய வரும். கால்களைக் குறை சொல்வதற்கு முன் சக்கரங்களை அளந்து பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

பாதங்களை உள்நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பதைப் போல, இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் உள்நோக்கிப் பார்த்தால் அது டோ-இன். வெளிநோக்கிப் பார்த்தால் டோ-அவுட். கார் மெக்கானிக்குகள் பலர் லேசான டோ-இன் நல்லது என்று பழகியவர்கள். வால் சக்கர விமானத்தில் அதே பழக்கம் ஆபத்து. விமானம் இடப்பக்கம் லேசாகத் திரும்பினால் எடை வலது சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரம் ஏற்கெனவே இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், திருப்பத்தை இன்னும் கூட்டிவிடும். எடை மையம் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் வால் சுற்றிக்கொண்டு வரும். அதுதான் கிரவுண்ட் லூப். சில நொடிகளில் இறக்கை நுனி தரையில் உரசி, சக்கரங்களைத் தாங்கும் கால்களான லேண்டிங் கியர் மடங்கிவிடும். சக்கரங்கள் நேராக இருந்தால் நல்லது, இம்மியளவு வெளிநோக்கி இருந்தாலும் நல்லது. உள்நோக்கி மட்டும் இருக்கவே கூடாது.

எங்களிடம் வந்த ஒரு பீட்டன்பால் ஏர் கேம்பரைப் பற்றிச் சொல்கிறேன். மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்டு பீட்டன்பால் 1929-இல் வடிவமைத்த விமானம் அது. மரச் சட்டம், துணிப் போர்வை, ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜின். இன்றைக்கும் அந்த வரைபடத்தை வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கட்டியவர் ஓய்வுபெற்ற தச்சர். மர வேலையைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. லேண்டிங் கியர் மட்டும் பைப்பர் கப் என்ற பழைய சிறு விமானத்தின் பாணியில், 4130 என்ற கலப்பு எஃகுக் குழாய்களை வெல்டு செய்து, அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் ஷாக் கார்டு போட்டது.

வால் கீழே இறங்கும் நேரத்தில் விமானம் இடப்பக்கம் பாய்கிறது என்பது அவருடைய புகார். கூடப் பறந்து பார்த்த பயிற்சியாளர் கால்களில்தான் தாமதம் என்று சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டியவரிடம் அப்படிச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? தனக்கு வயதாகிவிட்டது, விமானத்தை விற்றுவிடலாமா என்றுதான் எங்களிடம் கேட்டார். அதைக் கேட்டபோது எனக்கு மனசே சரியில்லை.

நான் முதலில் டயரைத்தான் தடவிப் பார்த்தேன். வலது டயரின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. விரலை ஒரு பக்கமாக ஓட்டினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் ஓட்டினால் ரப்பர் விளிம்பு சுரண்டியது. நேராக உருளும் டயர் இப்படித் தேயாது. பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

“நான் அளந்துவிட்டேனே, பூஜ்ஜியம்தான் வந்தது” என்றார் அவர். பொய் சொல்லவில்லை. வாலை முட்டுக்கட்டை மேல் தூக்கி, பறக்கும் நிலையில் மட்டம் பார்த்து அளந்திருக்கிறார். அந்த நிலையில் பூஜ்ஜியம்தான். ஆனால் இழுப்பு வந்தது வால் தரையில் இருக்கும்போது.

இந்த இடத்தைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்திருந்தால், அச்சின் வெளிமுனை சற்றுக் கீழ்நோக்கி இருக்கிறது என்று பொருள். வால் தரைக்கு இறங்கி மூக்கு மேலே எழும்பும்போது அந்தக் கீழ்முனை முன்னோக்கி நகரும். சாய்வாக இருந்தது டோ-இன் ஆக மாறிவிடும். இவருடைய வலது சக்கரத்தில் சாய்வு 4 டிகிரி. பறக்கும் நிலைக்கும் வால் தரையில் இருக்கும் நிலைக்கும் வித்தியாசம் 12 டிகிரி. கணக்குப் போட்டால் முக்கால் டிகிரிக்கு மேல் டோ-இன். இவர் போட்டிருந்த 6.00-6 டயரில் ஒரு டிகிரி என்பது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் சுமார் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, ரன்வேயில் தெரியும்.

அதனால் வால் தரையில் இருக்க, மறுபடி அளந்தோம். ஒவ்வொரு டயருக்கும் அடியில் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் கிரீஸ். தரை டயரைப் பிடித்துக்கொண்டிருந்தால் கியர் முழுதாக விரியாது, அளவு பொய்யாகிவிடும். அவரையே பின் காக்பிட்டில் உட்கார வைத்தேன், அவர் எடையோடுதான் விமானம் தரையிறங்குகிறது என்பதால். விமானத்தின் நடுக்கோட்டைத் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டோம். அப்புறம் நேரான அலுமினியக் குழாயைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்து, முன்னும் பின்னும் கோட்டிலிருந்து தூரம் எடுத்தோம். வலது சக்கரம் உள்ளே பார்த்தது. காக்பிட்டிலிருந்தபடியே எட்டிப் பார்த்து எண்களைக் கேட்டவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சரி, வளைக்கலாமா? அதை உலோகம்தான் சொல்ல வேண்டும். எங்கள் விஸ்கான்சினின் ஓஷ்கோஷ் ஊர்க்காரரான ஸ்டீவ் விட்மன் கண்டுபிடித்த ஸ்பிரிங் எஃகுக் கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். செஸ்னா விமான நிறுவனம் அந்த உரிமையை வாங்கி 1940-களிலேயே செஸ்னா 140 போன்ற விமானங்களில் போட்டது. ஓஷ்கோஷ் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். அந்த எஃகு வெப்பப் பதம் ஏற்றியது. டார்ச் காட்டினால் பதம் போய்விடும், ஸ்பிரிங் வெறும் கம்பியாகிவிடும். 7075-டி6 என்ற பதமேற்றிய அலுமினியக் கலவைக் கால்கள் இன்னும் மோசம், ஹேங்கரில் வளைக்கப் பார்த்தால் விரிசல்தான் மிச்சம். இந்த இரண்டு வகையிலும் அச்சுக்கும் காலுக்கும் நடுவே ஒருபக்கம் தடித்த ஷிம் என்ற ஆப்புத் தகடு வைத்துத்தான் கோணத்தைத் திருத்த வேண்டும். பதம் ஏற்றாத 4130 குழாய் மட்டும் சூட்டுக்கு ஒத்துழைக்கும். இவர் வைத்திருந்த ரசீதுகளைப் பார்த்து, குழாய் அந்த வகைதான் என்று உறுதி செய்துகொண்டோம்.

விமானத்தில் மாட்டியபடியே சூடேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. மேலே பெட்ரோல், பக்கத்தில் வார்னிஷ் அடித்த மரமும் டோப் என்ற எளிதில் தீப்பிடிக்கும் பூச்சு பூசிய துணியும். வளைக்கும் விசை முழுவதும் மரச் சட்டத்தின் பொருத்துகளில் போய் இறங்கும். காலைக் கழற்றி, எஃகு மேசையில் அதே பொருத்துப் புள்ளிகளில் போல்ட் போட்டு இறுக்கினோம். சக்கரம், பிரேக், பேரிங், கிரீஸ் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, பெயின்ட்டையும் சுரண்டியாயிற்று. குழாய்க்குள் துருப்பிடிக்காமலிருக்க ஆளி விதை எண்ணெய் ஊற்றி அடைத்திருந்தார். மூடிய குழாயைச் சூடேற்றினால் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் முதலில் ஒரு சிறு துளை போட்டோம்.

அச்சின் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் நீளமான எஃகுத் தண்டைச் செருகினேன். வெல்டுக்குப் பக்கத்தில், மேலும் பின்னுமான பக்கத்தை மங்கிய சிவப்பு வரும்வரை சூடேற்றி, தண்டை மேலேயும் சற்றுப் பின்னாலும் மெதுவாக அழுத்தினோம். இங்கே பொறுமை வேண்டும். சூடேறிய பக்கம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். சூட்டில் சரியாக இருப்பது ஆறிய பிறகு கூடுதலாகிவிடும். அதனால் தேவைக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, ஹேங்கர் கதவுகளைச் சாத்தி, காற்றுப்படாமல் ஆறவிட்டோம். தண்ணீர் ஊற்றவே கூடாது, இந்த எஃகு சட்டென்று குளிர்ந்தால் கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அச்சு முதலில் கீழே சாய்ந்ததற்கும் இதே சுருக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய வெல்டில் அடிப்பக்கம் கனமாக இருந்தது.

ஆறியதும் சாயம் ஊற்றி விரிசல் சோதித்தோம். ஒன்றுமில்லை. துளையை வெல்டு செய்து அடைத்து, பெயின்ட் அடித்து, மாட்டி, மறுபடி தகடு, கிரீஸ், சாக்பீஸ் கோடு, காக்பிட்டில் அவர். வால் கீழே இருக்கும்போது இம்மியளவு வெளிநோக்கி, வால் மேலே இருக்கும்போதும் வெளிநோக்கித்தான். இரண்டு நிலைகளின் அளவுகளையும் லாக்புக்கில் எழுதி வைத்தேன், அடுத்து அளப்பவருக்கு உதவும்.

காற்றில்லாத ஒரு காலையில் அவர் பறந்துவிட்டு வந்தார். இறங்கியபோது விமானம் நேராகவே ஓடியது. விற்கும் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. இடது சக்கரத்திலும் சாய்வு இரண்டு டிகிரி இருக்கிறது, அதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஷாக் கார்டு மாற்ற அந்தக் காலை எப்படியும் கழற்றத்தான் வேண்டும்.