ஸ்தோத்திரக் கவரில் எழுதாத காரணங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை, அதாவது ஆண்டவருக்கு நன்றியாகக் கவரில் போட்டுக் கொடுக்கும் பணத்தை, வாசிப்பார்கள். கவரின் மேல் பேர், தொகை, காரணம். பிறந்தநாள், திருமணநாள், புது வண்டி, பேரனுக்கு மெடிக்கல் சீட், துபாய் மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊர்ச்சேதி பாதி எனக்கு இந்தக் காரணங்களைக் கேட்டுத்தான் தெரியவரும். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல வரவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகாமல் நாலுபேர் முன்னால் "ஆண்டவர் தந்தார்" என்று சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும்.

ஆனால் சீட் கிடைக்காத வீட்டிலிருந்து அந்த வாரம் கவர் வராது. சம்பந்தம் பேசி முடிந்து கடைசி நேரத்தில் தட்டிப்போன வீட்டிலிருந்தும் வராது. அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, ஆசீர்வாதம் சொன்னதும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள், யாராவது "என்னாச்சு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று.

எங்கள் அம்மா ஒரு தடவை அப்படியும் கவர் போட்டாள். தம்பி குரூப் டூ தேர்வுக்கு வருஷக்கணக்காகப் படித்து, மெயின்ஸ் வரைக்கும் போய், தேறாமல் போன சமயம். கவரில் அவள் எழுதியது இதுதான்: "மகன் பரீட்சையில் தேறவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். ஸ்தோத்திரம்." வாசித்துக்கொண்டு வந்த கமிட்டிக்காரர் நடுவில் நின்றுவிட்டார், ஏதோ தப்பாக எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பார்போல, திரும்பி ஐயரைப் பார்த்தார் (எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம்). ஐயர் தலையை ஆட்டவும் முழுசாக வாசித்தார். பெண்கள் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தம்பிக்குக் கோபமான கோபம், சாயங்காலம் வரைக்கும் அம்மாவிடம் பேசவில்லை. எனக்கும் அவன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது, அவன் தோற்றதை ஊருக்கே மைக்கில் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. அம்மா அசரவில்லை. "பாஸ் பண்ணா போடணும்னு எடுத்து வச்ச துட்டு. அத வேற என்னத்துக்கு எடுக்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனம் (1 தெசலோனிக்கேயர் 5:18) காலண்டரில், வேன் கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகையில் என்று எங்கும் இருக்கிறது. அதை யாருக்கு எழுதினார்கள் என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். தெசலோனிக்கே ஊரில் அப்போஸ்தலர் பவுல் பிரசங்கித்தபோது ஊரில் கலகம் மூண்டது. அவருக்கு இடங்கொடுத்த யாசோனின் வீட்டை வளைத்து, பவுலும் அவரோடு வந்த சீலாவும் அகப்படாததால் யாசோனையே அதிகாரிகள் முன்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று ராத்திரியே சகோதரர்கள் பவுலை ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்கள். பிற்பாடு, கி.பி. 50 வாக்கில் கொரிந்துவிலிருந்து அவர் இந்த நிருபத்தை எழுதுகிறார். அதற்குள் அந்தச் சின்னச் சபையில் சாவும் விழுந்திருந்தது, நாலாம் அதிகாரத்தில் நித்திரையடைந்தவர்களைப் பற்றி அவ்வளவு எழுதுவது அதனால்தான். ஆக அந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் பயந்துபோயும், துக்க வீட்டுக்காரர்களாகவும் இருந்த ஜனங்கள்.

எழுதினவரும் சொகுசாக இருந்துகொண்டு எழுதவில்லை. தெசலோனிக்கேக்கு வருவதற்கு முன்னால்தான் பிலிப்பியில் அடி வாங்கி, சிறையில் காலைத் தொழுமரத்தில் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடின கதையை நான் எத்தனையோ கன்வென்ஷனில் கேட்டிருக்கிறேன், எல்லாப் பிரசங்கியாருக்கும் சிறைக் கதவைத் திறந்த பூமியதிர்ச்சிக்குப் போய்விட வேண்டும் என்று ஒரே அவசரம். பாடினார்கள், உடனே கதவு திறந்தது, நீங்களும் பாடுங்கள், உங்கள் கதவும் திறக்கும். சரி, கதவு திறந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு கதவும் திறந்திருக்கவில்லை, முதுகுக் காயத்தையும் யாரும் கழுவவில்லை. பூமி அதிரப்போகிறது என்று தெரிந்து பாடியதாகவும் எழுதியில்லை. அப்புறம் கதவு திறந்ததும் ஓடிப்போனார்களா என்றால் அதுவும் இல்லை, அங்கேயே இருந்தார்கள். துதியைச் சாவியாக்கி நம் கையில் கொடுக்கிற பிரசங்கத்தில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. அது ஆண்டவரோடு பேரம் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு தொந்தரவும் உண்டு. இந்த வசனத்தை நம் வாயால் சொல்வதைவிட அடுத்தவர் வாயில் திணிப்பதில்தான் நமக்கு ஆர்வம் அதிகம். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கையில் இளநீர், வாயில் "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க அண்ணாச்சி". டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீர் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். அன்போடு கொண்டு வந்தவர்கள், அவர்களிடம் என்ன சொல்ல? எனக்கு என்னவோ அந்த நேரத்தில் அந்த வசனமும் இளநீர் மாதிரிதான் இருந்தது, நல்ல பொருள்தான், அன்றைக்கு அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. அதே அதிகாரத்தில் நாலே வசனத்துக்கு முன்னால் "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்" என்று இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துத்தான் பதினெட்டாம் வசனத்துக்கு வருகிறோம்.

அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்கு வசதியாக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஒரு பிஸ்டுலா வைத்திருக்கிறார்கள், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓடினால் விரலுக்கடியில் குறுகுறுவென்று அதிரும். நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்பா காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்னாலேயே, வலது கை விரல்களை அங்கே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். "ஓடுது. ஸ்தோத்திரம் ஆண்டவரே." அவ்வளவுதான். சிறுநீரகம் போனதற்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

முறையிடாமலும் இருக்கமாட்டார். ஒருநாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று பாட்டிலில் அளந்து வைத்திருக்கிறோம், காபி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம், சித்திரை வெயிலில் பாட்டில் மத்தியானமே காலியாகிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் ராத்திரி குடும்ப ஜெபத்தில் பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்துவிடுவார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" சாதாரணமாக வாசிக்கமாட்டார், நேரில் நிற்கிற ஆளிடம் கேட்பதுபோலக் கேட்பார். அதே சங்கீதம் "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது, சில நாள் அதுவரைக்கும் வாசிப்பார், சில நாள் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். அம்மா அவரை அவசரப்படுத்தமாட்டாள். கேள்வியும் ஸ்தோத்திரமும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, அந்தச் சங்கீதத்தைப் பாடின தாவீது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நான் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான், பொத்தாம்பொதுவாக "சகல நன்மைகளுக்காகவும்" என்று சொல்லி முடிக்காமல் பேர் சொல்லிச் சொல்வது. ஆயிரம் ஸ்தோத்திரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேகமாக வாசிப்பவர்களை நான் கிண்டல் பண்ணவில்லை, பெரியம்மாவுக்கு அதுதான் மூச்சு. எனக்கு வாய் ஓடுகிற வேகத்துக்கு மனசு ஓடாது. "இன்னைக்கு ஊசி ஒரே குத்தில் ஏறிச்சு" என்று அப்பா சொல்வதுபோலச் சொன்னால்தான் நன்றி என்ற உணர்ச்சியே எனக்கு வருகிறது. ஒன்றுமே தோன்றாத நாளும் உண்டு, அன்றைக்கு அப்பாவின் பட்டியலுக்கு ஆமென் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன்.

அந்தப் பட்டியலில் எங்கள் தெரு ஆட்டோக்காரர் பேர் தவறாமல் வரும். டயாலிசிஸ் நாளில் விடியுமுன்னே வாசலில் வந்து நிற்பார், "கிளம்புவமா அண்ணாச்சி" என்பதைத் தவிர ஒரு வசனமும் சொன்னதில்லை, கோயிலுக்கே ஒழுங்காக வருவதில்லை என்று அவர்மேல் கமிட்டியில் புகார் வேறு. போன அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களைக் கோயிலில் விடும் ஏலத்தில் அப்பா ஒரு இளநீர்க் குலையை விடாமல் கேட்டு, கடை விலையைப்போலப் பல மடங்குக்கு எடுத்தார். "குடிக்கவா போறீங்க?" என்று அம்மா அங்கேயே சத்தம் போட்டாள். குலை நேராக அந்த ஆட்டோவில் ஏறி அவர் வீட்டுக்குப் போனது.