மாமாவின் கம்ப்யூட்டர்: சத்துவாச்சாரி நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பட்டா நகல் எடுத்துத் தரச் சொல்லி வந்து உட்கார்ந்திருக்கிறார். மாமா பவர் பட்டனை அமுக்கி, காபி குடித்து, பேப்பரையும் புரட்டி முடித்துவிட்டார். திரையில் வட்டம் இன்னும் சுற்றுகிறது. "இன்னாம்மா இது, நம்ம தாலுக்கா ஆபீஸே தேவலாம் போல!" அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சொல்வதால் நம்பலாம்.

2016-இல் அசெம்பிள் செய்த பெட்டி. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் "புதுசு வாங்கிடுங்க" என்றாராம். எது மெதுவாக இருக்கிறது என்றே பார்க்காமல் அது என்ன வைத்தியம்?

மே 5, திங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே தானாக ஓடும் செயலிகளைக் காட்டும் ஸ்டார்ட்அப் பக்கம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. வீடியோ கால் செயலிகள், பிரிண்டர் கம்பெனி ஒட்டிவிட்ட ஏதோ ஒன்று, கொழுந்தனார் போட்டு மறந்த டோரன்ட், கூடவே கம்ப்யூட்டரை 'வேகப்படுத்தும்' க்ளீனர். எல்லாவற்றையும் டிசேபிள் செய்தேன். க்ளீனரையும் காலாவதியான ஆன்டிவைரஸையும் அடியோடு நீக்கினேன். ஆன்டிவைரஸ் போனதும் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டது.

சிபியு, அதாவது ப்ராசஸர் பக்கத்தில் 'அப் டைம்' (கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம்) கிட்டத்தட்ட மூன்று வாரம் காட்டியது. மாமாவோ தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்கிறவர். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸின் மையப் பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

மே 7, புதன்

இன்று டிஸ்க் பத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிபியு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100-இலேயே சிவந்து நிற்கிறது. ஆனால் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. டிஸ்க் ஓயாமல் ஓடுகிறது, ஆனால் வேலை ஒன்றும் ஆகவில்லை.

மாமாவிடம் அவர் பாஷையிலேயே சொன்னேன்: "ரெக்கார்டு ரூம்ல ஒரே ஒரு ஆள். ஆயிரம் பைல் கேக்குறாங்க, ஒவ்வொண்ணும் ஒரு மூலைல." டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக 4 மில்லிசெகண்ட், முனையைத் தாங்கும் கை நகர இன்னொரு 9. ஆக, சிதறிக் கிடக்கும் சின்ன பைல்கள் என்றால் நொடிக்கு எழுபது, எண்பதுக்கு மேல் எடுக்க முடியாது. விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை.

டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். மஞ்சள், அதாவது எச்சரிக்கை. பெண்டிங் செக்டர் சில இருக்கின்றன, அதாவது படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும் இடங்கள். உடனே மாமாவின் பத்திர ஸ்கேன்கள், கல்யாண போட்டோக்கள் எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு மாற்றினேன். மற்றதெல்லாம் அப்புறம்.

மே 10, சனி

256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, சாட்டா கேபிள், இன்னொரு 4 ஜிபி டிடிஆர்4 ராம் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்ததும் ப்ராசஸர் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இந்த வெயிலில் ப்ராசஸர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் துடைத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினேன்.

குளோன், அதாவது பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது, ராத்திரியில்தான். பகலில் கரண்ட்டை நம்ப முடியாது. பாதியில் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மோசமான செக்டர்களில் இடறுமோ என்று பயந்தேன். ஒரு இடத்தில் வெகு நேரம் நின்றது, அப்புறம் நகர்ந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

எந்த டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று சொல்லும் பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்தேன். மாமா பட்டனை அமுக்கிவிட்டு வழக்கம்போல அடுக்களைப் பக்கம் திரும்பினார். "மாமா, வந்துடுச்சு" என்றேன். நம்பாமல் மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்தார். முழு ரீஸ்டார்ட்டுக்கே அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மே 14, புதன்

பாக்கி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 வரைதான் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்; அந்த அளவில் கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் உண்டு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே, நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். மாமா தட்டும் தமிழ்99 கீபோர்டு அதில் உண்டு. அவருடைய பழைய பிரிண்டர் ஒத்துழைக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.