கன்னியாவுக்குக் கீழே எரிமலை இல்லை

திருகோணமலையில் எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் ஏன் சுடுகிறது என்று வகுப்பில் கேட்டால், "கீழ எரிமலை இருக்கு ரீச்சர்" என்ற பதில்தான் வருடா வருடம் வருகிறது. சொல்வது எரிமலையின் குறுக்குவெட்டைப் பிசகாமல் கீறுகிற பிள்ளைகள். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும் என்று சொல்லி, "அப்ப இந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் போய் வந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

கல்லையும் மண்ணையும் பூமியின் வரலாற்றையும் படிக்கும் புவிச்சரிதவியல் எங்கள் பள்ளிக்கூடங்களில் தனிப் பாடம் இல்லை. கொஞ்சம் விஞ்ஞானத்தில், கொஞ்சம் புவியியலில். தவணை முடிவில் நேரம் போதாவிட்டால் முதலில் விடுபடுவது அந்த அலகுதான். கோணேசர் மலையைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை என்று சொல்லக்கூடிய பிள்ளை குறைவு.

புல்மோட்டைக் கறுப்பு மணல் ஒரு பிடி கிடைத்தால் ஒரு பாடவேளை முழுக்கப் போதும். வெள்ளைத் தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மேலே பிடிக்கச் சொல்வேன். பை முக்கியம், இல்லையென்றால் ஒட்டிய மணலைக் காந்தத்திலிருந்து பிரிக்கவே முடியாது. கறுப்புத் துணிக்கைகள் எழுந்து ஒட்டும். பெரும்பாலும் இல்மனைட் என்ற, இரும்பும் தைத்தேனியமும் கலந்த கனியம். தாளில் மிஞ்சுவதைக் கைவில்லையால் பார்த்தால் செம்பழுப்பு ரூட்டைல், மினுங்கும் சேர்க்கன், சாதாரண குவார்ட்ஸ். பிறகு ஒரே அளவு போத்தல் இரண்டில் கறுப்பு மணலையும் வெள்ளை மணலையும் நிரப்பிக் கையில் கொடுக்க வேண்டும். பாரத்தின் வித்தியாசம் தெரிந்ததும், பாரமானதைக் கரையில் விட்டு இலேசானதை அலை இழுத்துப் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் கறுப்பிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்கள் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. (சுண்ணாம்பைச் சோதிக்கும் பாடத்துக்குப் புறாத்தீவுப் பவளம் எடுக்க விடாதீர்கள், அது தேசியப் பூங்கா. சிப்பி ஓட்டில் ஐதான அமிலம் விட்டாலே நுரைக்கும்.)

2004 டிசம்பர் 26 சுனாமி இன்றைய மாணவருக்குப் பெரியவர்கள் சொன்ன கதை. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்கள் கரைக்கு வந்தது. வரைபடத்தில் அடிமட்டம் வைத்துத் தூரத்தை அளந்து, வேகத்தை அவர்களே கணிக்கட்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியும், கடல் உள்வாங்கினால் பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதும் கரையோரப் பிள்ளைக்கு வேறு எந்தப் பாடத்திலும் கிடைக்காது.

கல்வி வலயத்திடம் நான் கேட்பது சின்ன விசயம். ஒவ்வொரு பாடசாலைக்கும் உள்ளூர்க் கல்லும் மணலும் வைத்த தட்டு ஒன்று, எடுத்த இடம் எழுதிய துண்டோடு. அப்புறம், தவணைப் பரீட்சையில் அந்தத் தட்டை வைத்து ஒரு வினா.