காசு எங்கிருந்து வரும்?

2024 ஜனாதிபதித் தேர்தல் நேரம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஓகஸ்ட் கடைசியில் தேர்தல் விஞ்ஞாபனங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. பொருளாதாரத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுத் தருவது என் பொறுப்பு.

வாக்குறுதிகளை அட்டவணையில் போடுவது சுலபம். மாதம் 2 இலட்சம் ரூபாய் வரையான சம்பளத்துக்கு வரி இல்லை, உணவு, மருத்துவம், கல்விக்கு வற் வரி (பொருள், சேவை விலையோடு சேர்த்து அறவிடும் வரி) இல்லை என்றார் அநுர குமார திசாநாயக்க. சர்வதேச நாணய நிதியத்தோடு பேசி நிபந்தனைகளைத் திருத்துவேன் என்றார் சஜித் பிரேமதாச. நிதியத்துடனான உடன்படிக்கையில் கை வைத்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று எச்சரித்தார் ரணில் விக்கிரமசிங்க. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் மூன்று திசை. ஆனால் 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்ட நிதியத்தின் அந்த ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் திட்டத்தைக் கைவிடப்போவதாக மூவரில் எவரும் சொல்லவில்லை. அதன்படி 2025 முதல், வட்டிச் செலவைக் கழித்துப் பார்த்தால், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் அரசின் கையில் மிஞ்ச வேண்டும். ஒரு வரியைக் குறைத்தால் அந்தப் பணத்தை வேறெங்காவது தேடியே ஆகவேண்டும்.

அதனால் 'ஈடுசெய்யும் வழி' என்று இன்னொரு நிரல் சேர்த்தேன். வரி ஏய்ப்பைத் தடுப்போம், ஊழலை ஒழிப்போம் என்ற பதில்கள் கிடைத்தன. அதில் எத்தனை கோடி வரும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. "இப்பிடி வெறுமையா விட்டா பக்கம் நல்லாவா இருக்கும்?" என்றார் பக்க வடிவமைப்பாளர். 'தொகை சொல்லப்படவில்லை' என்றே போடச் சொன்னேன்.

நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் 2019. அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அரச வருமானம் விழுந்தது. அப்புறம் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற வாசகருக்கு வாக்குறுதியை மட்டும் அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கம் வந்த அன்று ஹட்டனிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, சாமானுக்கு வரிய எடுத்துட்டா, வேற எதுலயாவது கூட்டுவாங்களா?" அட்டவணையை ஒழுங்காக வாசித்தவரின் கேள்வி அது.

அநுர வென்றார். நாணய நிதியத் திட்டம் தொடர்ந்தது. 2025 ஏப்ரலில் சம்பள வரி விலக்கின் எல்லை மாதம் 1 இலட்சத்திலிருந்து உயர்ந்தது: 2 இலட்சத்துக்கு அல்ல, ஒன்றரை இலட்சத்துக்கு.